ஆதரவற்றோர் படிவத்தை நல்லகாமனார் வென்ற படலம்

வாழ்க நல்லகாமனார்! வைகைக் கரையின் வாள்மீசை வேந்தர், அறுபத்தெட்டு ஆடிக்காற்றுக்கும் வளையாத முதுகெலும்பர், மனைவியை இழந்து, மக்கட்பேறு இன்றி, வயல் முழுதும் வழக்கில் கரைந்த பின்னும் எவர் வாசலிலும் குனியாத மானப்பெருமலை! சோழவந்தானுக்கு அருகே அம்மாவீரர் வீட்டுப் பானையில் எஞ்சியிருந்தது ஒரு படி அரிசி. அதற்கப்பால் உயிர் தாங்க ஒரே வழி, அரசு தரும் முதியோர் உதவித்தொகை.

அத்தொகையின் கோட்டையை விதிகள் என்னும் நாற்படை காத்து நின்றது. வயது என்னும் யானையையும், நிலமின்மை என்னும் தேரையும், மகனின்மை என்னும் குதிரையையும் தாலுகா ஆபீஸ் வெயிலில் ஏழு நாள் நின்றே அவர் வீழ்த்தினார். எஞ்சியவன் அற்பக் காலாள், ஒற்றை வரி. 'நான் ஆதரவற்றவன்' என ஒப்பிக் கைநாட்டு இட வேண்டும். பசித்திருந்தால் மட்டும் போதாது, தனக்கு நாதியில்லை என்றும் எழுதித்தர வேண்டுமென்பது விதி வகுத்தோர் கருணை!

வருவாய் ஆய்வாளர் ஞானசீலன் நேரில் விசாரிக்க வருகிறார் என்ற செய்தி போர்முரசாய் அதிர்ந்தது.

"மச்சான், கிழிஞ்ச வேட்டியக் கட்டிக்கிட்டு மூலையில உக்காருங்க. ரெண்டு இருமல் இருமுனா இன்னும் நல்லது," என்றாள் கொழுந்தியாள் சீனியம்மாள்.

"வீடு தேடி வாரவருக்கு மூலையவா காட்டுறது? ஒன் சேவலப் பிடி!"

சேவல் வீரசொர்க்கம் எய்தியது. இரவல் நாற்காலி அரியணையாய் விளங்க, இரவல் சரிகைத் துண்டு வெற்றிக்கொடியாய்த் தோளில் அசைய, அந்தக் கடைசிப் படி அரிசி இலையில் வெண்மலையாய்க் குவிய, குழம்பு அதன் சரிவில் செவ்வருவியாய் இழிந்தது.

உண்டபடியே கெஞ்சினார் ஞானசீலன். "ஐயா, ஒங்க நெலம எனக்குத் தெரியுது. இந்த ஒரு வரிக்குக் கைநாட்டு வைங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"எழுபது வீட்டுப் பங்காளி உள்ளவன் அநாதையா, தம்பி? அந்த வரிய அடிச்சிட்டுக் குடுங்க, பத்து விரலும் வைக்கிறேன்!"

"அடிக்க எனக்கு அதிகாரம் இல்லய்யா."

"அப்பக் கறி வச்சுக்கங்க."

அவ்வெழுபது வீட்டாராகிய யாம் வேலியோரம் நின்று மெய்சிலிர்த்தோம். அவருக்கு ஒருவேளைக் கஞ்சி ஊற்றியவர் எம்மில் ஒருவருமில்லை. அதை அவர் அந்நியர் முன் சொல்லாது காத்த பெருந்தன்மையை என்னென்பேம்! குலம் காத்த கட்டைவிரல் மைப்பெட்டியைத் தீண்டாது வான்நோக்கி நிமிர்ந்தது; புறமுதுகிட்ட படிவம் ஆய்வாளரின் சைக்கிளேறி ஓடியது; வெற்றி, வெற்றி என எண்திசையும் முழங்கிற்று!

மறுநாள் காலை நல்லகாமன் வெற்றிலை கிள்ளும் கூலிவேலைக்குப் போனார்.