சூறாவளி வீட்டுச் சம்பந்தம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். உன் சுகத்தைப் பற்றி மட்டும் இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. போனில் பேசினால் நடுவிலேயே "சிக்னல் இல்ல அத்தான்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது.

என் மகளுக்கு நீ கொண்டுவந்த சம்பந்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பையன் தங்கம் என்றாய். ஒப்புக்கொள்கிறேன், தங்கம்தான். பையனுடைய அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர் என்றாய். குடும்பம், வீடு, உடம்பு எல்லாவற்றையும் விசாரித்துச் சொன்ன நீ, அந்த மனிதர் சூறாவளியின் ரசிகர் என்பதை மட்டும் ஏன் விழுங்கினாய்? தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. அவரைத் தெருமுனையில் பார்த்தாலே தெரிகிறது.

நான் கனவானின் ஆள் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் வாலிபத்தில் சினிமாவில் இரண்டே கட்சி. ஒன்று கனவான், இன்னொன்று சூறாவளி. ஒருவர் திரையில் வந்தால் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. இன்னொருவர் வந்தால் சட்டையில் ஒரு பட்டன் மிஞ்சாது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் படங்கள் ஓடிய தியேட்டர்கள் எல்லாம் சாமான் அடுக்கும் குடோன்களாகிவிட்டன. அவர்கள் உடுத்திய விதம் மட்டும் எங்களைப் போன்றவர்களின் உடம்பில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். முதலில் வாசலில் தெரிந்தது ஒரு பெல்பாட்டம். அதற்குள் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை, உன் அக்கா பெருக்கி வைத்திருந்த தரையை இன்னொரு முறை பெருக்கிக்கொண்டே உள்ளே வந்தது. அதற்கு மேலே மூன்று பட்டன் திறந்த சட்டை, அறுபத்தாறு வயதில், நெஞ்செல்லாம் நரையோடு. அதற்கும் மேலே காதிலிருந்து தாடைவரை இரண்டு கிருதா, செருப்புக்கு வார் வைத்த மாதிரி. அவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். செருகிய வெள்ளைச் சட்டை, நெற்றிக்கு மேல் அலையாகத் தூக்கி வாரிய முடி, கடைசியில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி என் மெல்லிய மீசை. அங்கே வந்து அவர் பார்வை நின்றது. "ஓ" என்றார். நானும் "ஓ" என்றேன். பெண்கள் இருவரும் இதைப் பார்க்காத மாதிரி வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். பையன் நல்ல மனதோடு வாயைத் திறந்தான். "இப்ப எல்லாம் பழைய ஸ்டைல்தான் மாமா. எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு இந்த அகலத்துலதான் பேண்ட் போடறோம்" என்று தன் காலை நீட்டிக் காட்டினான். உடனே அந்த டிரைவர், "யாரு ஆரம்பிச்சு வெச்சது? எங்க ஆளு!" என்று தொடையைத் தட்டினார். நான் மரியாதையாகத்தான் சொன்னேன். "அய்யா, இன்னிக்கு எல்லாரும் சட்டையை உள்ளே செருகிக்கிட்டு வேலைக்குப் போறாங்களே, அதை ஆரம்பிச்சது யாரு?" அவர், "பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம்" என்றார். சொல், மைத்துனா, ஒரு மனிதன் இதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? நான் பீரோவைத் திறந்து ஆல்பத்தை எடுத்தேன், அவர் பர்ஸைத் திறந்து படத்தை எடுத்தார், நான் எழுந்தேன், அவர் எழுந்தார், யார் முதலில் கூலிங் கிளாஸை வீட்டுக்குள்ளேயே போட்டது என்கிற இடத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது, நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. நாற்பது வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன் நான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

தப்பு என்னுடையது, அதை மறைக்கவில்லை. புதன்கிழமை கடைக்கு வாருங்கள், நானே புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணைச் சோதித்தேன், மூக்கின் அகலத்தை அளந்தேன், காதை அளக்கக் கிருதாவை ஒதுக்கினேன், அதற்கும் முகம் சுளிக்கவில்லை நான். பிறகு ஃபிரேம் எடுக்கத் திரும்பினேன். என்ன நடந்தது என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது. கை பழக்கத்தில் போய்க் கறுப்புப் பட்டைச் சதுர ஃபிரேமை எடுத்துவிட்டது. கனவான் கடைசிக் காலத்துப் படங்களில் போட்ட அதே சதுரம். கண்ணாடியில் பார்த்தார். இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, நான் பார்த்தேன், அவர் இல்லையென்று சாதித்தாலும் நான் விடமாட்டேன். அந்த நேரம் பார்த்து வரிசையில் இருந்த ஒரு டீச்சர் அம்மா, "அய்யோ, அப்படியே கனவான் மாதிரியே இருக்கீங்க சார்!" என்றாள். கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டவர் போலக் கழற்றி மேஜையில் வீசினார், கண் தெரியாத வேகத்தில் எழுந்து நடந்தார், என் கடையின் கண்ணாடிக் கதவில் நேராகப் போய் மோதினார். நெற்றி புடைத்துவிட்டது. கதவு பிழைத்தது. அதற்கும் நான்தான் திட்டம் போட்டேன் என்கிறாராம்.

மறுநாள் நீ தூது வந்தாய். "அத்தான், அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. கல்யாணத்தன்னிக்கு உங்க மீசை இருக்கக் கூடாதாம்." இதை என்னிடம் சொல்ல உனக்கு நாக்கு எப்படிப் புரண்டது? அவர் கிருதாவை எடுக்கட்டுமே முதலில் என்றேன். "அது அவரோட அடையாளம் அத்தான்" என்றாய். அப்படியானால் என்னுடையது என்ன, ஒட்டடையா? இருபத்திரண்டு வயதில் நான் குச்சி மாதிரி இருந்தேன், நான்கு பேர் நிற்கிற இடத்தில் என்னை யாரும் எண்ணமாட்டார்கள். கனவான் படம் பார்த்த மறுநாள் இந்த மீசையை வைத்துக்கொண்டு வேலை கேட்கப் போனேன். முதலாளி நிமிர்ந்து பார்த்து, "உட்காருப்பா" என்றார். அதுவரை யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. இது இல்லாத என் முகம் எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

உன் மருமகளோ என்னோடு பேசி மூன்று நாளாகிறது. கடைசியாகப் பேசியது இதுதான்: "செத்துப்போன ரெண்டு பேரோட சட்டையைப் போட்டுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் என் கல்யாணத்தைக் கிழிக்கறீங்கப்பா." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனாலும் முடிவில் மாற்றமில்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாம். மீசையை மதிக்காத வீட்டில் மகளையா மதிப்பார்கள்? இந்தக் கடிதம் கிடைத்ததுமே நேரில் போய், என் பெயரைச் சொல்லி, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. கொண்டுவந்தவன் நீ, கொண்டுபோய் விடவேண்டியதும் நீதான். இனி நீ வரன் பார்த்தால் முதலில் பையனுடைய அப்பாவின் தாடையைப் பார்.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடு, உன்னை மாதிரி இல்லாமல் வளர ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் அத்தான்

பின்குறிப்பு: உறையில் எழுத உன் புது முகவரி கேட்டபோது உன் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். இரண்டு முறை படித்தாள். பிறகு, "நானும் சூறாவளிதாங்க" என்றாள். நீயும் அதுதானாம், உங்கள் அப்பாவும் அதுதானாம். நான் முதன்முதலில் உங்கள் வீட்டுக்குப் பேச வந்த அன்று, என் மீசையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கூடத்துச் சுவரில் இருந்த சூறாவளி படத்தைக் கழற்ற நேரமில்லாமல், அதற்கு முன்னால் நீ ஒன்றரை மணி நேரம் முதுகை ஒட்டி நின்றாயாம். எவ்வளவு அடக்கமான பையன், உட்காரவே மாட்டேன் என்கிறானே என்று நான் அன்றைக்கு எல்லாரிடமும் புகழ்ந்தேன். "முப்பத்தோரு வருஷமா ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பீங்களே" என்றாள். போயிருப்பேன். நிச்சயமாகப் போயிருப்பேன். அதை நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. கல்யாணத் தேதியை முடிவு செய். மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சம்பந்தியிடம் சொல்லிவிடு, இன்று மாலையே எடுத்துவிடுவேன், உன் அக்கா பக்கத்தில் நிற்கிறேன் என்றிருக்கிறாள். அந்தப் படம் உன்னிடம்தான் இருக்கிறதாம். வரும்போது கொண்டு வா. எங்கள் கூடத்தில் கனவானுக்கு எதிர்ச்சுவரில் ஆணி அடித்துவிட்டேன்.