சிரிலின் கிட்டார் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று புனித ஃப்ளோரியான் மீது ஆணையிட்டுச் சொல்கிறேன். அவர் தீயணைப்பவர்களுக்குக் காவல் புனிதர். அவர் பெயரில் பொய் சொன்னால் வீடு பற்றிக்கொள்ளும்; அணைக்கவும் ஆள் வராது. இரண்டு இடங்களில் மட்டும் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். அதுவும் நீங்கள் நம்ப வேண்டுமே என்பதற்காகத்தான்.

சிரில் கிட்டாரை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான்.

"நேத்து கல்யாணத்துல நான் வாசிச்சது உனக்குக் கேட்டுச்சா இல்லையா? உண்மையைச் சொல்லு."

பீட்ரூட் ஊறுகாய்ப் புட்டியின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மர்யேத்தா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"நேத்து நீ வாசிச்சியா?"

இருபத்திரண்டு வருடமாக சிரில் லுட்விக்கின் குழுவில் இருக்கிறான். எங்கள் ஊர் போத்கோராவில் கல்யாணமோ ஞானஸ்நானமோ யாராவது வேலையிலிருந்து ஓய்வு பெறுவதோ, எதுவானாலும் அந்த ஐந்து பேர்தான். அக்கார்டியன், கிளாரினெட், டிரம்பெட், பேஸ், கிட்டார். லுட்விக் அக்கார்டியனை விரித்தால் அடுத்த பள்ளத்தாக்கில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும். சிரில் கிட்டாரை மீட்டினால் அவன் சட்டைப் பையில் இருக்கும் கைக்குட்டைகூட அசையாது. நேற்றும் மணப்பெண்ணின் மாமா அவன் தோளைத் தட்டி, "லுட்விக்கோட பெட்டியைத் தூக்குறது நீங்கதானா தம்பி? பாரம் ஜாஸ்தியா?" என்று பரிவோடு விசாரித்துவிட்டுப் போனார்.

அதுதான் சிரிலைக் கிளப்பிவிட்டது.

ஜெர்மனியில் வேலை பார்த்த மைத்துனன் கொண்டுவந்து போட்ட ஆம்ப்ளிஃபயர் ஒன்று பரணில் கிடந்தது. அது வெறும் தலை. வாய் வேண்டுமென்றால் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைத் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை தீயணைப்பு நிலையத்தில் ஒத்திகைக்குப் போனவன், உட்காராமலே சொன்னான்:

"ஜூன் முதல் ஞாயிறு தீயணைப்பு விழாவுல என் கிட்டார் கேக்கும்."

"கேக்கலைன்னா?" என்றான் லுட்விக்.

"கிட்டாரை வித்துட்டு உன் அக்கார்டியன் பெட்டியைத் தூக்குறேன். ஆயுசு முழுக்க."

"அதை இப்பவே எல்லாரும் நீதான் தூக்குறேன்னு நினைச்சுட்டு இருக்காங்க. சரி, கேட்டுச்சுன்னா?"

"ஒரு வருஷம் நீ எனக்குப் பின்னாடி உக்காந்து வாசிக்கணும்."

லுட்விக் சிரித்துச் சிரித்து அக்கார்டியனில் ஒரு கட்டையை அமுக்கிவிட்டான். பிறகு மற்ற மூன்று பேர் சாட்சியாகக் கை கொடுத்தான்.

"பெட்டி வாங்கினா சின்னதா வாங்கு சிரில். வாங்கி, சுவத்தைப் பார்த்து வை."

முதலில் பள்ளி இசை ஆசிரியரிடம் ஒன்று இரவல் வாங்கினான். ஒரே ஸ்பீக்கர், பின்பக்கம் திறந்த பெட்டி. ஒலி முன்னாலும் போகும், பின்னாலும் போகும், பஞ்சு மாதிரி இருக்கும் என்றார் ஆசிரியர். ஒத்திகையில் முன்னால் போன பஞ்சை லுட்விக் விழுங்கிவிட்டான். பின்னால் போனது என்னவாயிற்று என்பது, டிரம்பெட்காரன் பின்னால் இருந்த கழிப்பறையிலிருந்து திரும்பியபோதுதான் தெரிந்தது.

"சிரில், உள்ள அருமையா கேக்குதுயா! எழுந்திரிக்க மனசே வரல. ரெண்டு பாட்டு உக்காந்து கேட்டேன்."

"பரவாயில்ல," என்றான் லுட்விக். "விழாவுக்கு வர்றவங்களை ஒவ்வொருத்தரா உள்ள அனுப்பிடலாம்."

அடுத்த வாரம் நகரத்தில் ஒரு ராக் குழு சண்டை போட்டுப் பிரிந்தது. அவர்களுடைய பெட்டியை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் சண்டை, யாருக்கும் வேண்டாமாம். சிரில் டிராக்டரில் ஏற்றி வந்தான். நான்கு ஸ்பீக்கர், நாலாபக்கமும் மூடியது, துணி அலமாரி உயரம். கூடத்தில் வைத்து ஒரே ஒரு முறை மீட்டினான். அலமாரியிலிருந்து பதினான்கு ஊறுகாய்ப் புட்டிகள் வரிசை மாறாமல் இறங்கின.

"இப்போ கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுச்சு," என்றாள் மர்யேத்தா, காலிலிருந்து பீட்ரூட்டை எடுத்தபடி. "இன்னொரு தடவை கேட்டுச்சுன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

ஆகவே அந்த ஞாயிறு, பிள்ளைகளின் உறுதிபூசுதல் சடங்கு விருந்துக்கு அதைக் கோயில் வளாகத்துக்குக் கொண்டுபோனான். மூடிய பெட்டியின் குணம் அப்போதுதான் புரிந்தது. ஒலி அம்பு மாதிரி நேராகப் போகிறது. இப்படி அப்படித் திரும்புவதில்லை. அம்பு போய்ச் சேர்ந்த இடத்தில் பங்குச் சாமியார் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

விருந்து முடிந்ததும் அவரே தேடி வந்தார். "சிரில், இன்னிக்கு முழுசாக் கேட்டுச்சுப்பா."

"கேட்டுச்சா சாமி!"

"ஏழு தப்பு. பாவசங்கீர்த்தனத்துக்கு வரும்போது நீயாச் சொல்லிடு, அதுதான் மரியாதை."

சாமியாருக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்த கோயில்பிள்ளை, சிரில் அன்று வரவேயில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. "விட்டுடேன்," என்றாள் மர்யேத்தா. சிரில் விடவில்லை. தச்சர் இசிதோரிடம் போனான்.

இசிதோர் நாற்பது வருடமாகத் தேனீப் பெட்டி செய்கிறவர். வேறு எதைச் செய்யச் சொன்னாலும் செய்வார். அதுவும் தேனீப் பெட்டியாகவே முடியும். ஊர்த் தேர்தலுக்கு அவர் செய்த வாக்குப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டு கிலோ தேன் இருந்தது. அதைச் செல்லாத ஓட்டில் சேர்த்தார்கள்.

"பின்பக்கம் திறந்தது வேணுமா, மூடினது வேணுமா?" என்று கேட்டார்.

"திறந்தா கழிப்பறைக்குப் போகுது. மூடினா சாமியாருக்குப் போகுது. இடத்தைப் பார்த்து மாத்திக்கிற மாதிரி வேணும்."

"பின்னாடி ஒரு கதவு போட்டுடறேன். தேனீப் பெட்டிக்கும் அப்படித்தான் போடுவேன்."

"முன்னாடி கீழே ஒரு நீளத் துவாரம் விடுங்க. காத்து வெளிய போகணும்."

"விடாம இருப்பேனா? தேனீப் பெட்டிக்கும்..."

"இசிதோர், இது தேனீப் பெட்டி இல்ல."

"நான் எங்கேயா அப்படிச் சொன்னேன்?"

விழா வாரத்துப் புதன்கிழமை பெட்டி வந்தது. தளிர் மாதிரி வாசனை அடிக்கும் தேவதாரு மரம், இரண்டு ஸ்பீக்கர், பின்னால் கொக்கி போட்ட கதவு, முன்னால் விரல் அகலத் துவாரம். அதற்கு மேலே, எங்கள் பக்கத் தேனீப் பெட்டிகளில் வரைவதுபோலவே, புனித ஃப்ளோரியான் எரியும் வீட்டின்மேல் தண்ணீர் ஊற்றும் படம். உள்ளே முழுக்கத் தேன்மெழுகு தேய்த்திருந்தார், கைப்பழக்கம். சிரில் மீட்டிப் பார்த்தான். ஒலி அறை முழுக்கப் பரவி நின்றது, புட்டிகள் இருந்த இடத்தில் இருந்தன. மர்யேத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது என்ன பாட்டு?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டதில்லை.

படத்தின் வண்ணம் காயட்டும் என்று பெட்டியை வெயிலில் வைத்தார்கள்.

வியாழன் காலை பதினொரு மணிக்கு வானத்திலிருந்து ஒரு கரும்புகை இறங்கியது. ஃப்ளோரியானைப் பார்த்தது, துவாரத்தைப் பார்த்தது, உள்ளே போய்விட்டது. இருபதாயிரம் தேனீக்கள்.

இசிதோர் ஓடிவந்து துவாரத்தில் காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"ராணியும் வந்துட்டாங்க. நல்ல குடும்பம்."

"வெளிய எடுங்க! ஞாயித்துக்கிழமை விழா!"

"இப்பவா? இப்ப எடுத்தா பாதிப் பேர் காலமாயிடுவாங்கய்யா."

இதற்குமேல் பேச்சு கிடையாது. எங்கள் பக்கம் பன்றி சாகும், மாடு சாகும். தேனீ மட்டும் காலமாகும். வந்த தேனீயை விரட்டியவன் வீட்டில் அதன்பிறகு யாரும் காபி குடிக்க மாட்டார்கள்.

செய்தி கேட்டு லுட்விக் வேலிக்கு வெளியே வந்து நின்றான். "என்ன சிரில், என் பெட்டி பதினோரு கிலோ. தூக்கிப் பழகணும்னா இன்னிக்கே வா."

சிரில் பெட்டியைப் பார்த்தான். லுட்விக்கைப் பார்த்தான்.

"இருபத்திரண்டு வருஷம் உன் காத்துப்பைக்குப் பயந்தேன். பூச்சிக்கும் பயப்படுவேனா? அவங்களையும் கூட்டிட்டு வர்றேன்டா மேடைக்கு!"

துவாரத்தில் கம்பி வலையை அடித்தான். ஞாயிறு பிற்பகல், நான்கு தீயணைப்பு வீரர்கள் விழாச் சீருடையில், நெஞ்சில் பதக்கம் ஆட, பெட்டியைச் சவப்பெட்டி மாதிரி மெதுவாகத் தூக்கி வந்து மேடையில் வைத்தார்கள். அறுநூறு பேர் கூடியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரின் குமிழை சிரில் கடைசி எண்வரை திருப்பினான். அதற்குமேல் எண் இருந்திருந்தால் அதற்கும் திருப்பியிருப்பான்.

லுட்விக் வேண்டுமென்றே வேகமான போல்கா நடனப் பாட்டு ஒன்றை எடுத்தான். சிரில் முழுக்கையாலும் கம்பிகளில் இழுத்து, தாளத்துக்கு மேடைப் பலகையை ஓங்கி மிதித்தான்.

பெட்டி உறுமியது.

ஊரில் யாரும் அப்படியொரு ஒலியைக் கேட்டதில்லை. பலகை வழியாக ஏறி முழங்காலைப் பிடித்தது. பீர்க் கோப்பைகளில் நுரை வட்டம் வட்டமாக நடுங்கியது. அவன் மீட்டி மிதிக்க மிதிக்க, அது வளர்ந்தது. லுட்விக் அக்கார்டியனைக் கை கொண்ட மட்டும் விரித்தான். அதன் குரல் எங்கோ ஈசல் அழுவது போலக் கேட்டது. மர்யேத்தா மேடை ஓரத்துக்கே வந்துவிட்டாள்.

"சிரில்! கேக்குது!" என்று கத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது பாட்டில் அதிர்ச்சி தாங்காமல் கம்பி வலை கழன்று விழுந்தது. பாதிப் பேர் பெட்டியிலேயே தங்கினார்கள். மீதிப் பேர் வெளியே வந்து, மேடையை ஒரு சுற்றுச் சுற்றி, விரித்த அக்கார்டியனின் மடிப்புகளுக்குள் வரிசையாகப் போய் உட்கார்ந்தார்கள்.

"மூடாதே லுட்விக்!" என்று கூட்டத்திலிருந்து அலறினார் இசிதோர். "மூடினா காலமாயிடுவாங்க!"

"நான் காலமாயிடுவேன் போலிருக்கே!"

"நீ சாவே! அது வேற! கையை அசைக்காதே!"

லுட்விக் இரு கைகளையும் விரித்தபடி, யாரையோ கட்டித் தழுவப் போகிறவன் போல, நாற்பது நிமிடம் நின்றான். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பேஸும் எப்போதோ பீர்ப் பந்தலுக்குப் போய்விட்டன. மேடையில் ஒலித்தது ஒரே ஒரு வாத்தியம். சிரில் வியர்வை சொட்டச் சொட்ட மீட்டினான், மிதித்தான், பெட்டி முழங்கியது. ஜனம் ஆடியது. சாமியார் ஆடினார். கோயில்பிள்ளை சாமியாரோடு ஆடினார்.

"கேக்குதா லுட்விக்?" என்றான் சிரில்.

"கேக்குதுயா! ஒத்துக்கறேன்! ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம் உன் பின்னாடி உக்காறேன். முதல்ல இவங்களை எழுந்திரிக்கச் சொல்லு!"

இசிதோர் வெறுங்கையால் ராணியைத் தேடி எடுத்துப் பெட்டியில் விட, மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். தீயணைப்பு வீரர்கள் சிரிலைத் தோளில் தூக்கி மைதானத்தை இரண்டு முறை சுற்றினார்கள். மணப்பெண்ணின் மாமா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்ப்ளிஃபயர்னா இது தம்பி, ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்!" என்றார். லுட்விக் விரித்த கையை இன்னும் மடக்க முடியாமல் அந்த நிலையிலேயே வந்து அவனைக் கட்டிக்கொண்டான்.

கடைசியாக, உருளைக்கிழங்கு வறுவல் கடை போட்டிருந்த ரெஸ்கா, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி, ஒரு தட்டு வறுவலோடு வந்தாள்.

"பிரமாதம் சிரில், இந்தா சூடாச் சாப்பிடு. கோவிச்சுக்காதே, என் கரண்ட் எண்ணெய்ச் சட்டிக்குச் சொருக இடமில்லாம, நீ மேடை ஏறுறதுக்கு முன்னாடியே உன் ஆம்ப்ளிஃபயரோட பிளக்கைப் பிடுங்கிட்டேன்."