அந்தோணி சாருக்கு மூலமாம்!

போன மாசம் ஒரு சனிக்கிழமை. ஸ்கூல் லீவு. அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். மெடிக்கல் ஷாப்புல ஒரு டியூப் ஆயின்மென்ட் வாங்கணும்.

அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை.

எதுக்கு ஆயின்மென்ட்டா? சொல்றேன், சொல்லத்தானே உக்காந்திருக்கேன். அன்னைக்கு நல்லா உக்காரக்கூட முடியல.

ரெண்டு மாசமா பாத்ரூம் போனா ரத்தம். மொத நாள் பாத்துட்டுப் பதறிப் போயிட்டேன். ரெண்டாவது நாள், பீட்ரூட் சாப்பிட்டோமோன்னு யோசிச்சேன். மூணாவது நாள் செல்போனை எடுத்து வீடியோ பாத்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர், டாக்டரா டெய்லரான்னு தெரியல, "இது சாதாரண மூலம்தான், பயப்படாதீங்க"ன்னாரு.

எனக்கு அது போதும். பயப்படாதன்னு சொல்ற ஒரு ஆளைத்தான் நானும் தேடிக்கிட்டிருந்தேன்.

என்னைப் பத்திச் சொல்லிடுறேன். பேரு பிலோமினா. வயசு நாப்பத்தெட்டு. காரைக்குடியில இருபத்திரெண்டு வருஷமா அறிவியல் டீச்சர். அதுதான் பிரச்னையே. இந்த ஊருல எந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனாலும் கல்லாவுக்குப் பின்னாடி நான் பாடம் எடுத்த ஒரு மொகம் நிக்கும். செக்காலை ரோட்டுல ஒருத்தன், பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெண்டு பேரு. ஒரு தலைவலி மாத்திரை வாங்குனாலே, "டீச்சர், இன்னும் பேப்பர் திருத்துறீகளா?"ன்னு கேப்பானுக. இவனுககிட்ட போயி மூலத்துக்கு மருந்து குடுன்னு கேக்க முடியுமா?

அதனால ஒரு மாஸ்டர் பிளான் போட்டேன். திருப்பத்தூருக்குப் போயி வாங்குறது! அங்க என்னை யாருக்குத் தெரியும்?

எங்க வீட்டுக்காரரு அந்தோணி, தாலுகா ஆபீஸ்ல வேலை. கெளம்பும்போது கேட்டாரு. "எங்குட்டுப் போற?"

"திருப்பத்தூருக்கு. கூட வேலை பாக்குற டீச்சர் வீட்டுல காதுகுத்து."

"எந்த டீச்சரு?"

"புது டீச்சரு. ஒங்களுக்குத் தெரியாது."

"நானும் வரவா?"

"ஒங்களுக்குப் பங்குப் பேரவைக் கூட்டம் இருக்குல்ல!"

கோயில் கூட்டம்னதும் அவரு அடங்கிட்டாரு. ஆண்டவர் கைவிடலன்னு நெனைச்சேன். அவரு அப்பத்தான் ஆரம்பிச்சிருக்காருன்னு எனக்குத் தெரியல.

பஸ்ஸுல நல்ல கூட்டம். திருக்கோஷ்டியூர் பெருமாள் கோயிலுக்குப் போற ஜனம். கடைசி வரிசைக்கு முந்துன சீட்டு ஒண்ணு காலியா இருந்துச்சு, பின்சக்கரத்துக்கு நேரு மேல. நான் கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டேன்.

"ஏன் தாயி நிக்கிறீக? எடம் கெடக்குல்ல, உக்காருங்க"ன்னு பக்கத்துல இருந்த அம்மா சொன்னாக. பூக்கூடையை மடியில வச்சிருந்தாக.

"பரவால்லம்மா, நின்னா எனக்கு நல்லது."

"நிக்கிறதுல என்ன நல்லது? உக்காருங்கங்கிறேன்!" கையப் பிடிச்சு ஒரே இழுப்பு. நானும் உக்காந்துட்டேன்.

குன்றக்குடி தாண்டி ஒரு வேகத்தடை. டிரைவர் அதைக் கண்ணால பாத்தாரா இல்லையான்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சது.

"மாதாவே!"

அந்த அம்மா என் மொகத்தையும், நான் எழுந்திரிச்ச வேகத்தையும் பாத்தாக. பூக்கூடையைக் கீழ வச்சாக. பஸ்ஸு முழுக்கக் கேக்குற மாதிரி, "என்ன தாயி, மூலமா?"ன்னு கேட்டாக.

இல்லைன்னு சொல்லலாம்தான். ஆனா நின்னுக்கிட்டே எப்படிச் சொல்றது?

"அட, இதுக்குப் போயி வெக்கப்படுறீகளே! எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு. கருணைக்கெழங்க அவிச்சு மூணு வேளையும் குடுத்தேன், ஓடியே போச்சு."

முன் சீட்டுக்காரரு திரும்புனாரு. "கெழங்கெல்லாம் சும்மாங்க. துத்தி எலைய நெய்யில வதக்கிச் சாப்பிடச் சொல்லுங்க. கோழிக்கறியத் தொடவே கூடாது."

பின்னாடி சீட்டுல ஒருத்தர், "கோழி என்னங்க செஞ்சுச்சு? கத்திரிக்காதான் சூடு."

"கத்திரிக்கா சூடுன்னு யாரு சொன்னா?"

"எங்க மாமா சொன்னாரு. மாமாவுக்கு இருபது வருஷமா மூலம்!"

"அப்ப அவரு பேச்சக் கேட்டு என்னங்க பிரயோஜனம்?"

கோழிக்கும் கத்திரிக்காய்க்கும் சண்டை முத்திப் போச்சு. கண்டக்டர் டிக்கெட்டுக் கிழிக்கிறத நிறுத்திட்டு எங்கிட்ட வந்தாரு. "அக்கா, செவத்துல போஸ்டர் ஒட்டிருப்பாக பாருங்க, மூலம் பவுத்திரம்னு. ஒரே ஊசி. எங்க மச்சான் அங்கதான் போட்டாப்ல."

"இப்ப நல்லா இருக்காரா?"

"இப்ப பெரியாஸ்பத்திரியில இருக்காப்ல."

ஒரு நோயாளிக்கு நாப்பது வைத்தியரு! ஆனா, "டாக்டரப் பாத்தீகளா?"ன்னு மட்டும் அந்த நாப்பது பேருல ஒருத்தரும் கேக்கல. நானும் அறிவியல் டீச்சர்னு யாருகிட்டயும் சொல்லல. பாடத்துக்கே அவமானம்.

திருப்பத்தூர்ல எறங்குனேன். கூட்டமே இல்லாத கடையாப் பாத்துப் புடிச்சேன். கல்லாவுல ஒரு சின்னப் பொண்ணு. ஆயின்மென்ட் பேர ஒரு சீட்டுல எழுதிக் கொண்டு போயிருந்தேன். வாயத் தொறக்காம நீட்டுனேன்.

அந்தப் பொண்ணு சீட்டை இப்படிப் பாத்துச்சு, அப்படிப் பாத்துச்சு. உள்ள பாத்துக் கத்துச்சு. "அண்ணே! மூலத்துக்கு ஆயின்மென்ட் ஒண்ணு கேக்குறாக!"

உள்ளேருந்து ஒருத்தன் கையத் தொடச்சுக்கிட்டே வந்தான்.

"டீச்சர்! பிலோமினா டீச்சர்! நான் முருகானந்தம் டீச்சர், பத்தாம் வகுப்பு பி பிரிவு! கடைசி பெஞ்ச்!"

கடைசி பெஞ்சுக்காரன் கடையில நான் கடைசிப் பெஞ்சு வியாதிக்கு மருந்து கேட்டு நிக்கிறேன்.

"இங்குட்டு எப்ப கடை வச்ச?"

"மாமனார் கடை டீச்சர். யாருக்கு டீச்சர் இந்த மருந்து?"

பாருங்க, உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். பிள்ளைகளுக்கு இருபத்திரெண்டு வருஷமா நான் சொல்லிக் குடுத்த நல்லொழுக்கம் அத்தனையும் ஞாபகத்துக்கு வந்துச்சு. வாயி மட்டும் வேற சொல்லுச்சு.

"வீட்டுக்காரருக்கு."

"அந்தோணி சாருக்கா! அடடா. ரத்தம் வருதா டீச்சர்?"

"ம்."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம்... இருக்கும்னு சொன்னாரு."

"சாருக்கு வயசு அம்பது தாண்டிருச்சுல்ல?" சீட்டை மடிச்சு என் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டான். "தப்பா நெனைக்காதீக டீச்சர். இத்தன நாளா ரத்தம்னா நான் டியூப்ப வித்துட்டு அனுப்ப மாட்டேன். மூலமாத்தான் இருக்கும். ஆனா அதை நாமளா முடிவு பண்ணக் கூடாது. டாக்டரு பாத்துச் சொல்லணும்."

எனக்கு ஒரு பக்கம் பெருமையா இருந்துச்சு. இன்னொரு பக்கம், ஒரு டியூப்புக்காக நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேனேடா!

"சரிப்பா, காரைக்குடியில போயிப் பாத்துக்கிறோம்."

"நீங்க ஏன் டீச்சர் அலையிறீக? நம்ம கிளாஸ் செல்வி அங்க ஒரு சர்ஜன்கிட்ட ரிசப்ஷன்ல இருக்கா. இப்பவே நேரம் வாங்கித் தாரேன்."

"வேணாம்ப்பா!"

அவன் ஃபோன் போட்டுட்டான். "செல்வி, நம்ம பிலோமினா டீச்சர் வீட்டுக்காரரு... ஆமா, மூலம்... ரத்தம் வருதாம்."

"முருகானந்தம், என் நம்பரைக் குடு, என் நம்பரை!"

"சார் நம்பரே இருக்கு டீச்சர். பட்டா மாத்துனப்ப வாங்குனது."

நான் வெறுங்கையோட பஸ் ஏறுனேன். வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன், எடுக்கல. கூட்டத்துல இருக்காரு போல, செல்வி கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாருன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

மத்தியானம் வீட்டுக்குள்ள நுழைஞ்சா, ஹால்ல பங்குப் பேரவை ஆளுக மூணு பேரு. சோபாவுல எங்க வீட்டுக்காரரு. அவருக்குக் கீழ, தெருவுல இருக்குற தலகாணி அத்தனையும். டீப்பாய் மேல ஒரு பை நெறையக் கருணைக்கெழங்கு.

"நல்லா ஓய்வெடுங்க அந்தோணி"ன்னு சொல்லிட்டு மூணு பேரும் எழுந்திரிச்சாக. போற போக்குல ஒருத்தர் எங்கிட்ட, "காரம் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

கதவச் சாத்துனேன். அவரு தலகாணி மேலேருந்து மெதுவாக் கேட்டாரு.

"பிலோ, எனக்கு எப்ப மூலம் வந்துச்சு?"

நடந்தது இதுதான். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு காது மந்தம். ஃபோன எப்பவும் ஸ்பீக்கர்லதான் போடுவாரு. நான் கூப்பிட்டப்ப ஃபோனு சட்டைப் பையில இருந்துச்சாம். செல்வி கூப்பிட்டப்ப மேசை மேல, ஃபாதர் முன்னாடி.

"அந்தோணி சாருங்களா? மூலத்துக்கு நேரம் கேட்டிருந்தீக. சாயங்காலம் அஞ்சரைக்கு வந்துருங்க. வரும்போது வெளிக்குப் போயிட்டு வந்துருங்க சார்."

ஃபாதர் பேனாவ மூடிட்டு, "நம்ம சகோதரருக்காக ஒரு நிமிஷம் ஜெபிப்போம்"னாராம்.

"நீங்க என்ன செஞ்சீக?"

"நானும் கண்ண மூடி ஜெபிச்சேன். என்னன்னு தெரியாம மறுக்க முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்தவ, எப்ப அழுதேன்னு தெரியல.

"எனக்குத்தாங்க."

அவரு தலகாணியிலேருந்து எறங்குனாரு. "எத்தன நாளா?"

"ஈஸ்டர்லேருந்து."

அவரு திட்டல. "அஞ்சரைக்குத்தானே வரச் சொன்னாக? பேரு என் பேருல இருக்கு. பரவால்ல. கெளம்பு."

ஆஸ்பத்திரியில செல்வி எழுந்திரிச்சு நின்னு கூப்பிட்டுச்சு. "அந்தோணி! மூலம்!" எங்க வீட்டுக்காரரு கம்பீரமா எழுந்திரிச்சாரு. நான் அவரு பின்னாடியே உள்ள போனேன்.

டாக்டரு ஒரு அம்மா, கோயம்புத்தூர்ப் பக்கம். "சொல்லுங்க அந்தோணி"ன்னாங்க. அவரு என்னைக் கை காட்டுனாரு.

"எனக்கு மூலம் டாக்டர்"னேன்.

"யார் பார்த்தாங்க?"

"யாரும் பாக்கல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"வீடியோ பாத்தேன்."

டாக்டரு பேனாவ எடுத்தாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா கேட்டாங்க. ரத்தம் செவப்பா, கறுப்பா? வலி இருக்கா? மலம் போற பழக்கம் மாறியிருக்கா? எடை கொறைஞ்சிருக்கா? சும்மாவே களைச்சுப் போறீங்களா?

கடைசியா, "உங்க குடும்பத்துல யாருக்காவது குடல்ல புற்றுநோய் வந்திருக்கா?"

எங்க வீட்டுக்காரருதான் சொன்னாரு. "இவுக அப்பாவுக்கு."

எங்க அப்பா ஒண்ணரை வருஷம் மூலம் மூலம்னே சொல்லிக்கிட்டிருந்தாரு. எலையும் கெழங்குமாத் தின்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப எல்லாம் கை மீறிருச்சு. இந்த ரெண்டு மாசமா நான் அதை நெனைக்கலைன்னு சொன்னா பொய். தெனமும் நெனைச்சேன். நெனைச்சதாலதான் டாக்டருகிட்ட போகல.

டாக்டரு பரிசோதிச்சுப் பாத்தாங்க. ஒருக்களிச்சுப் படுத்து, செவத்துல இருந்த காலண்டர்ல தேதி எண்ணி முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இதுக்குத்தான் ரெண்டு மாசம் பயந்தேன்!

"உள்மூலம் இருக்கு. ஆனா மூலம் இருக்குங்கிறதால, உள்ள வேற ஒண்ணும் இல்லைன்னு ஆயிடாது. உங்க வயசு, அப்பா விஷயம், ரெண்டையும் வச்சுப் பார்த்தா கேமரா விட்டுப் பார்த்துடணும்."

அதுக்கு முந்தின நாள் குடலச் சுத்தம் பண்ண ஒரு தண்ணி குடுப்பாங்க. அதைக் குடிச்சப்புறம் நடந்ததை எழுத மாட்டேன். ஃபாதரும் இந்தப் பதிவைப் படிப்பாரு.

கேமரா விட்டுப் பாத்தப்ப உள்ள சின்னதா, மரு மாதிரி ஒரு வளர்ச்சி இருந்துச்சு. அப்பவே எடுத்துட்டாங்க. பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வர்ற வரைக்கும் எங்க வீட்டுல ரெண்டு பேரும் டிவிய ஓட விட்டுட்டு, பாக்காம உக்காந்திருந்தோம்.

முடிவு வந்துச்சு. புத்துநோய் இல்ல.

"அப்படியே விட்டிருந்தா சில வருஷத்துல அது வேற மாதிரி ஆகியிருக்கலாம்"னு டாக்டரு சொன்னாங்க. மறுபடி எப்ப பாக்கணும்னு எழுதிக் குடுத்தாங்க. எங்க அண்ணனையும் தங்கச்சியையும் இதே மாதிரி பரிசோதிச்சுக்கச் சொன்னாங்க. அப்புறம் மூலத்துக்கு வந்தாங்க. "நார்ச்சத்து சாப்பிடுங்க, முக்காதீங்க, உள்ள போன் கொண்டு போகாதீங்க. தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"ஸ்கூல்ல குடிக்க மாட்டேன் டாக்டர். டீச்சர்ஸ் பாத்ரூமுக்குத் தாழ்ப்பா கெடையாது."

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா."

டாக்டரு பேனாவக் கீழ வச்சாங்க. "உங்க மூலத்துக்கு மூலமே அதுதான்."

மறுநாள் ஸ்டாஃப் மீட்டிங்குல எழுந்திரிச்சு எல்லாத்தையும் சொன்னேன். ரத்தத்துல ஆரம்பிச்சுத் தாழ்ப்பா வரைக்கும். ஹெட்மாஸ்டர் கூரையப் பாத்தாரு. ஆறு வருஷம் மனு எழுதியும் நடக்காதது அன்னைக்கு மத்தியானமே நடந்துருச்சு. கார்ப்பென்டர் வந்தாரு.

ஆனா ஊருக்குள்ள மட்டும் இன்னும் யாருக்கும் விஷயம் தெரியல. இப்பவும் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வந்தா, "அந்தோணி, இப்ப எப்படி இருக்கு?"ன்னு ஆளாளுக்குக் கேக்குறாக. அவரும் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "பரவால்லங்க, ரத்தம் நின்னுருச்சு"ங்கிறாரு.

அதனாலதான் இந்தப் பதிவு. எல்லாருக்கும் தெரிவிச்சுக்கிறேன்: மூலம் எனக்குத்தான், அவருக்கு வந்தது பேரு மட்டும்தான்.