நெருப்பில்லாத வேலை

நாள் முழுக்க அண்டா தூக்கிய இடுப்பு, தரையில் சாய்ந்ததும் விண் விண்ணென்று தெறித்தது. சுந்தரலிங்கம் வீட்டுக் குசினியில், பாத்திரம் கழுவும் சிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். குழாய் மூட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் சரியாக அவன் நெற்றியில் விழுந்தது. குளிர்ச்சியாக இருந்தது. கண் சொக்கியது.

மாத்தளையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவன் சமையல்காரன். வாலிபம் முழுக்க அடுப்படியில் வெந்தவன். அதனால், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் சாலிஹ் நானா, "சவூதிக்கு என்ன வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டபோது, "நெருப்பில்லாத வேலை எதுன்னாலும் சரி" என்றான். பிளம்பர் என்று எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை கொழும்பில் டெஸ்ட். குழாயை மாட்டிக் காட்ட வேண்டும். தோற்றால் மறுபடியும் அடுப்படி. மறுபடியும் தினமும் பலாபத்வல சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, அதே பஸ்ஸில் தொங்க வேண்டும்.

வீட்டு சிங்கிலும் தண்ணீர் இறங்காமல் நின்று, அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. பழக நல்ல இடம்.

"தூங்குறீங்களா?" என்றாள் மனைவி சந்திரகாந்தா.

"யோசிக்கிறேன்."

"கொறட்டை விட்டா?"

அவன் ஸ்பானரால் நட்டை இறுக்கினான். நட்டு வெடித்தது.

"சொட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப ஓடுது."

"அப்ப வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

சைக்கிள் டியூபைக் கிழித்து மூட்டில் சுற்றினான். ஒழுக்கு நின்றது. ஆனால் மேலே தண்ணீர் தளும்பியது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்குதான் அடைத்திருக்கும் என்று சமையல்காரன் மூளை சொன்னது. ஒரு சட்டி கொதிநீரை ஊற்றினான். பிசுக்கு கரையவில்லை. பிளாஸ்டிக் குழாய் வெந்த புடலங்காய் மாதிரி தொங்கியது.

"சமைச்சுட்டீங்க," என்றாள் சந்திரகாந்தா.

அடைப்பை எடுக்கக் கம்பியை விட்டான். கம்பி மாட்டிக்கொண்டது. அதைப் பிடித்தபடியே மறுபடி மல்லாந்தான். கண் மூடியதும் சவூதி மணல் வந்தது. கரியில்லை, புகையில்லை. வானம் தொடும் இடம்வரை குழாய்கள் நேராகப் போயின. அவன் ஒரு சக்கரத்தைத் திருப்பினான். நிலா வெளிச்சத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் மணல்மேல் நடந்து போனது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் மேகமும் இறங்கும் என்று தோன்றியது. பலங்கொண்ட மட்டும் இழுத்தான்.

கழன்று வந்தது குழாய். கறுப்புத் தண்ணீர், தேயிலைச் சக்கை, நாள்பட்ட சோறு எல்லாம் அவன் நெஞ்சில் இறங்கின.

சந்திரகாந்தா முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "பைப் வேலை பாக்குற புஹாரி பாஸக் கூட்டிட்டு வாறேன்."

"அவனையா? அவன் சாலிஹ் நானாவோட மச்சான். போய்ச் சொல்லிட்டான்னா என் பயணமே போச்சு."

"பயணம் போனாப் பரவாயில்ல. எனக்குச் சட்டி கழுவணும்."

புஹாரி வந்து சாரத்தை மடித்துக் கட்டிக் குந்தினான். வெடித்த நட்டையும், டியூபையும், தொங்கும் குழாயையும் பார்த்தான். அடைத்திருந்த தேங்காய்த் தும்பை உருவி எறிந்துவிட்டு, புதுக் குழாய் வைத்துத் திருகினான். தண்ணீர் களகளவென்று இறங்கியது. சுந்தரலிங்கம் கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"புஹாரி, நான் பிளம்பரா போறேன்னு..."

"தெரியும், அண்ணே."

"சாலிஹ் நானாகிட்ட..."

புஹாரி தன் கையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். "ஊரு எச்சித் தண்ணியில கை வச்சு வச்சு எனக்கும் வெறுத்துப் போச்சு."

"சரி, உனக்கு எவ்வளவு தரணும்?"

"காசு வேணாம் அண்ணே, திங்கக்கிழம நானும் ஒங்களோட டெஸ்டுக்கு வாறேன், குக் வேலைக்கு, அதுக்குள்ள ஒரு பருப்புக் கறி வைக்கச் சொல்லித் தாங்க, அதுதான் ஒங்க கடன்."