கோவையா, ஹைதராபாத்தா என்று ஒரு கிடாயிடம் கேட்டேன்

முடிவெடுக்கத் தெரியாதவர்கள்தாம் முடிவெடுக்கும் கலையைப் பற்றி அதிகம் படிக்கிறார்கள். இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம், நானே போதும். மதுரையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவன். நிச்சயமில்லாத சூழ்நிலையில் சரியான முடிவை எட்டுவது எப்படி என்று ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவன். அப்படிப்பட்டவன் தன் வாழ்க்கையின் பெரிய முடிவு ஒன்றைப் பேரையூர்ப் பக்கத்துப் பொட்டலில், வேப்பங்குழை தின்றுகொண்டிருந்த ஒரு கிடாயிடம் ஒப்படைத்தான். ஒப்படைத்த விதமும் சரியில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஐம்பது வயதைத் தாண்டியபின் எனக்கு ஆய்வுப் பணியில் ஆசை வந்தது. இரண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒன்று கிடைத்தாலே பெரிது என்று நினைத்துச் செய்த காரியம். இரண்டுமே கிடைத்துவிட்டன. ஒன்று கோயம்புத்தூரில், மற்றொன்று ஹைதராபாத்தில். சொல்லிவைத்தாற்போல இருவரும் திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள்.

நான் கலங்கவில்லை. இதற்கென்று முறை இருக்கிறதே. சம்பளம், தட்பவெப்பம், குடிநீர், மருத்துவமனை, மதுரைக்கு வந்துபோகும் வசதி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எடை கொடுத்து, இரண்டு ஊர்களுக்கும் மதிப்பெண் போட்டேன். 'மனைவியின் விருப்பம்' என்பதையும் மறக்காமல் சேர்த்தேன். அதில் கோவைக்கு முழு மதிப்பெண். சந்திராவிடம் கேட்டுப் போட்டேனா என்றால், இல்லை. கால் நூற்றாண்டு குடும்பம் நடத்தியவனுக்கு இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன. (அந்த வயதில் எனக்குத் தன்னம்பிக்கை அதிகம்.)

கூட்டிப் பார்த்தால் இரண்டு ஊர்களும் சமம். எடைகளை மாற்றினேன். மறுபடியும் சமம் போலத்தான் இருந்தது. பதினைந்து நாள் இப்படியே போயிற்று.

இதற்குள் விஷயம் குடும்பத்தில் பரவிவிட்டது. பேரையூருக்கு அருகில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன், கோவையின் பக்கம் நின்றார். "கோயமுத்தூருன்னா நெனச்சா வந்துரலாம்ப்பா. காலையில பஸ் ஏறுனா மதியச் சோத்துக்கு நாங்க உன் வீட்ல இருப்போம்" என்றார். சிம்மக்கல்லில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் என் மைத்துனன் பாண்டியன், சந்திராவின் தம்பி, ஹைதராபாத்தின் பக்கம். "அதெல்லாம் ஊரா மச்சான்? கோயமுத்தூர்ல போயி எவனைப் பாக்கப் போறீக? நம்மளை மாதிரி ஆளுகளைத்தான். ஹைதராபாத்துன்னா வெளியில சொல்றதுக்கே ஒரு இது இருக்கு" என்றான். இருவரிடமும் நான் "பார்ப்போம்" என்று தலையசைத்தேன். அண்ணன் கோவை முடிவாகிவிட்டதாகவும், பாண்டியன் ஹைதராபாத் முடிவாகிவிட்டதாகவும் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குலதெய்வமான கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டு. என் மகள் கயலுக்குக் கேட்ட கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக அண்ணன் மனைவியான என் மதினி நேர்ந்துகொண்டது. உறவினர்கள் இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். காலைச் சாப்பாட்டைப் பலர் வேண்டுமென்றே குறைத்துக்கொண்டு வந்திருந்தார்கள் என்பதைப் பிற்பாடு அவர்களே எனக்குப் பலமுறை நினைவூட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நேர்ந்த கிடாயை அப்படியே வெட்டிவிட முடியாது. மாலை போட்டு, மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருக்க வேண்டும். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலுப்பாவிட்டால் குடும்பத்தில் யாருக்கோ மனக்குறை இருக்கிறது. அதைச் சொல்லித் தீர்த்த பிறகுதான் அடுத்த வேலை.

கிடாய்க்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "ஏம்ப்பா, நாளைக்குத் திங்கக்கெழமை. உன் கணக்குக்கு அது பிடிபடாது. சாமிகிட்ட விட்ரு. கோயமுத்தூருன்னு சொல்லித் தண்ணி தெளிப்போம். சிலுப்புச்சுன்னா கிளம்பிரு."

படித்தவன் என்ற முறையில் நான் இதை எதிர்த்திருக்க வேண்டும். எதிர்க்கவில்லை, திருத்தினேன். அங்கேதான் வினை. ஒரே ஊரின் பெயரைச் சொல்லித் தெளித்தால் ஒப்பீடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு ஊர்களுக்கும் தனித்தனியே தெளிக்க வேண்டும். தண்ணீர் ஒரே அளவாக இருக்க வேண்டும். முதுகில் ஒரே இடத்தில் விழ வேண்டும். நடுவில் கிடாய் காய்வதற்கு அவகாசம் தர வேண்டும். எந்த ஊர் முதலில் என்பதற்கு, சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தேன்.

பங்காளி முறையில் எனக்குப் பெரியப்பாவான பூசாரி, அதைப் பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். "ஏப்பா, சாமி சன்னதியில வந்து காசைச் சுண்டுறியே, அப்ப சாமி எதுக்கு, கிடா எதுக்கு?"

"வரிசைக்கு மட்டுந்தான் பெரியப்பா. ஒரு பக்கமாச் சாஞ்சுறக் கூடாதுல்ல."

"கருப்பன் சாயுவான்னு சொல்ற."

"நான் தண்ணியைச் சொல்றேன்."

"பேராசிரியருக்குப் புண்ணியமாப் போகும், வெயில் ஏறுது" என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

நேர்ச்சை என் மகளுக்கானது என்பதால் கிடாயின் கயிறு என் கையில். கோவைக்காக அரைச் செம்பு தண்ணீர் விழுந்தது. கிடாய் என்னை ஒருமுறை பார்த்தது. அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. காய்வதற்கு அவகாசம் தந்தேன். பிறகு ஹைதராபாத். பாண்டியன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து நின்றான். கிடாய் தன் கழுத்து மாலையை எட்டிப் பிடித்து நிதானமாகத் தின்னத் தொடங்கியது.

"ரெண்டு ஊரும் வேணாங்குது" என்றார் பூசாரி. "இல்ல, மனக்குறை எதும் இருக்கு. யாருன்னு சொல்லிருங்கப்பா. கறி வேகணும்."

அதற்குப் பின் நடந்ததை ஓர் ஆய்வாளனாகக்கூட நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் பாண்டியன் தொண்டையைக் கனைத்தான். "கயல் காதுகுத்துல மைக்குல சீரு வாசிச்சப்ப, தாய்மாமன் எம் பேரை ரெண்டாவதாச் சொன்னாக."

அண்ணன் திகைத்துப் போனார். "இம்புட்டு வருசமா இதையா மாப்ள வச்சிருந்த?"

"சின்ன விசயமா இருந்தா நான் எதுக்கு வைக்கிறேன்."

அண்ணன் கிடாயின் பக்கம் திரும்பி, "தாய்மாமன் சிம்மக்கல் பாண்டியன்" என்று மைக் இல்லாத குறை தெரியாதபடி முழங்கினார். பாண்டியன் முகம் தெளிந்துவிட்டது. கிடாய்க்குத் தெளியவில்லை. அடுத்து மதினி, தன் கிரைண்டரை இரவல் வாங்கிப் போய்க் கல் தேய்த்துக் கொடுத்தவர் யார் என்பது சாமிக்குத் தெரியும் என்றார். சாமியைத் தவிர மற்றவர்களும் கூட்டத்தில் இருந்த ஓர் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை வேறு ஒரு பழைய கல்யாணப் பந்திக் கதையை எடுத்தார். ஒவ்வொரு குறையும் தீர்க்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கை தண்ணீர் தெளிக்கப்பட்டது. கிடாய் நன்றாகக் குளித்துச் சுகமாக நின்றது. மசாலா அரைத்துவிட்டுக் காத்திருந்த சமையற்காரர், அடுப்பில் இருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டார்.

கடைசியில் பூசாரி, பெண்கள் வரிசையின் ஓரத்தில் நின்றிருந்த சந்திராவிடம் வந்தார். "தாயி, உனக்கு எதும் குறை உண்டா?"

"எனக்கென்ன குறை மாமா."

"மனசுல வைக்காம சொல்லும்மா. பிள்ளைகெல்லாம் பசியாக் கெடக்கு."

சந்திரா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "இவுக கிடாகிட்ட ரெண்டு தடவ கேட்டாக. எங்கிட்ட ஒரு தடவகூடக் கேக்கல."

கிடாய் சிலுப்பியது.

அரைகுறையாக அல்ல. மூக்கில் தொடங்கி வால் நுனிவரை, நடுவில் எதையும் விட்டுவிடாமல் சிலுப்பியது. அதுவரை ஊற்றிய தண்ணீர் முழுவதும் என் வெள்ளைச் சட்டையிலும் கண்ணாடியிலும் வந்து சேர்ந்தது. பெண்கள் அனைவரும் ஒரே குரலாகக் குலவையிட்டார்கள். அவ்வளவு மனப்பூர்வமான குலவையை எங்கள் கோயில் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை.

எனக்கு உலகம் மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு கௌரவமான மனிதன் அந்த நிலையில் என்ன செய்வானோ அதைச் செய்தேன்: கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைப்பதற்கு இரண்டு கைகள் வேண்டும். கயிறு கையில் இல்லை என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே கிடாய்க்குத் தெரிந்துவிட்டது.

அது பருத்திக் காட்டுக்குள் ஓடியது. பிடிக்க இளைஞர்கள் இருந்தார்கள். ஆனால், இத்தனைக்கும் காரணமானவன் நான் அல்லவா? "நான் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அதற்கு முன் நான் ஓடியது பள்ளிக்கூடத்தில். அப்போதும் கடைசியாகத்தான் வந்தேன். கரிசல் கட்டிகளின் மேல் தாவி, வரப்பில் தடுமாறி, காட்டின் ஓரத்துக் கருவேலம் புதர்வரை துரத்தினேன். புதருக்குள் கிடாய் புகுந்து வெளியேறியது. நான் புகுந்து, வேட்டி இல்லாமல் வெளியேறினேன். முள்ளில் மாட்டிய வேட்டியை விடுவிப்பதா, கிடாயைத் தொடர்வதா என்று அங்கேயும் எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. பட்டாப்பட்டி டவுசரோடு, இரண்டுக்கும் நடுவில் நின்றேன். கயல் தன் கைப்பேசியில் எடுத்த படம் முடிவடைவது அந்தக் காட்சியில்தான். அது குடும்ப வாட்ஸப் குழுவில் இன்னும் இருக்கிறது.

கிடாய் கிடைக்கவில்லை. பேரையூருக்கு ஆள் போய் முட்டை வாங்கி வந்தார்கள். கறிக் குழம்புக்கு அரைத்த மசாலாவில் முட்டையை அவித்துப் போட்டுப் பரிமாறினார்கள். இலையை மூடும்போது ஒவ்வொருவரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அண்ணன் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கிடாய் தொழுவத்தில் கழுநீர் குடித்துக்கொண்டிருந்ததாம். சாமியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு ஓடிவந்ததை மறுபடி வெட்டுவதில் பூசாரிக்குச் சம்மதமில்லை. அது முதுமை கண்டு, தானாகவே செத்தது. அண்ணன் வீட்டில் அதற்குப் பெயர் 'புரொபசர்'. போனில் நலம் விசாரிக்கும்போது, "புரொபசர் தெற்குக் காட்டுல மேயுறாரு, நீ எப்படி இருக்க?" என்று கேட்பார்.

அன்று மதுரைக்கு, எங்கள் விளாங்குடி வீட்டுக்குத் திரும்பும் காரில் சந்திரா கல்லுப்பட்டிவரை விடாமல் சிரித்தாள். திருமங்கலத்தில் என் சட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கினாள். பின்னிருக்கையில் கயல் தூங்கிவிட்டாள். நான் கேட்டேன்.

"சரி. இப்ப கேக்குறேன். உனக்கு எந்த ஊரு?"

"ஹைதராபாத்து."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்குக் கோயமுத்தூருன்னு முழு மார்க் போட்டு வச்சிருக்கேன்."

"யாரைக் கேட்டு?"

அவளே தொடர்ந்தாள்: "கோயமுத்தூருன்னா மதியச் சோத்துக்கு வந்துருவோம்னு உங்க அண்ணன் சொன்னாகல்ல, வந்துருவாக. எந்தம்பியும் வருவான். வரட்டும், வேணாங்கல. ஆனா கல்யாணமாகி வந்ததுலருந்து விளாங்குடி வீட்ல ஒரு நாளாச்சும் ரெண்டு தட்டு மட்டும் கழுவிருக்கேனா? ஒரு ஊர்லயாச்சும் ரெண்டே தட்டுக் கழுவணுங்க."

இதற்கு எந்தத் தலைப்பின் கீழ் மதிப்பெண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் ஹைதராபாத்துக்குச் சம்மதம் எழுதினேன்.

கயலை விடுதியில் சேர்த்துவிட்டு இருவரும் போனோம். விளாங்குடிக்குத் திரும்பும்வரை சில ஆண்டுகள் இருந்தோம். இரண்டு தட்டுத் திட்டம் மூன்று மாதம் தாங்கியது. அதற்குள் சந்திரா தெலுங்கு கற்றுக்கொண்டு அடுக்ககத்தில் பாதிப்பேரைச் சாப்பிட அழைத்துவிட்டாள். "இது நானாக் கூப்பிட்ட கூட்டம். அது வேற" என்றாள். ஆனாலும் பல ராத்திரிகள் எங்கள் இரண்டு தட்டுகள் மட்டும் தொட்டியில் இருந்தன. ஒன்றை நான் கழுவினேன்.

எங்கள் குடும்பத்தில் இன்று யாராவது நிலம் வாங்கினாலும், வண்டி மாற்றினாலும், வேலைக்கு ஊர் மாறினாலும், முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "வீட்ல கேட்டியா, கிடாகிட்டக் கேட்டியா?" கேள்வியின் பிறப்பு அறியாத மருமகள்களுக்குக் கயலின் படம் போட்டுக் காட்டப்படுகிறது.

சந்திரா சென்ற ஆண்டு காலமானாள். அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. காரியம் முடிந்த அன்று, விளாங்குடி வீட்டுக் கூடத்தில் உறவினர்கள் உட்கார்ந்து, இனி நான் எங்கே இருப்பது என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கயலோடு பெங்களூரில் இருக்கட்டும் என்றான் பாண்டியன். தம்பி பேரையூருக்கே வந்துவிடட்டும் என்றார் அண்ணன். வாதம் நீண்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். காப்பித் தட்டோடு வந்த கயல் நின்றாள்.

"அப்பாகிட்ட யாராச்சும் கேட்டீகளா?"

அண்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், மெல்லச் சொன்னார்:

"கேப்போம்த்தா. கிடாவுக்கு ஆள் போயிருக்கு."

இழவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று எல்லோரும் பல்லைக் கடித்தார்கள். முதலில் தோற்றவன் பாண்டியன். துண்டை வாயில் வைத்தும் பயனில்லை. பின் மதினி. பின் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்கள்வரை. நானும் சிரித்தேன். அந்த நாட்களில் அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் அடங்கியதும், அண்ணன் நாற்காலியை என் அருகே இழுத்துப்போட்டு, முறையாகக் கேட்டார்.

விளாங்குடி என்றேன்.