செய்தவர்: தெரியவில்லை

மதிப்பிற்குரிய மச்சானுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். இங்கே எங்களைப் பற்றி அப்படி எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். போனில் சொல்லலாம்தான். நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் மருமகன் கல்லூரிக்குப் போகிறான், நான் வேலைக்குப் போகிறேன், என் இடது கைக் கையுறையும் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டது. அதுதான் விஷயம்.

"பையன் ஆசப்பட்டத படிக்கட்டும் மாப்ள, நீங்க குறுக்க விழாதீங்க" என்று சொன்னது நீங்கள். விழவில்லை. அவன் முதல் வருஷம் படிக்கிற பாடத்தின் பெயர் 'கலையும் மானுடமும்: ஓர் அறிமுகம்'. ஒரு வருஷம் முழுக்க அறிமுகமே செய்கிறார்கள் மச்சான். எனக்கும் உங்கள் தங்கைக்கும் ஐந்து நிமிஷம்தான் அறிமுகம் செய்துவைத்தீர்கள், அதிலும் பாதி நேரம் நீங்களே பேசினீர்கள். எதிர்க்கடை முடிவெட்டுகிறவர் கேட்டார்: "மனுசனப் பத்திப் படிக்கிறானா? அதுக்கு எதுக்கு காலேஜு? என் கடையில ஒரு நாள் உக்காந்தா போதுமே, தலை தலையா வருவானுங்க." சிரித்துவிட்டு வந்தேன். அவர் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஆணியில் கையுறை இல்லை. கட்டிலுக்கு அடியில் தேடினேன், அரிசி டப்பாவுக்குள்கூடத் தேடினேன், நேரமாகிவிட்டதால் வெறுங்கையோடு போனேன். உங்களுக்கே தெரியும், கம்பெனி கொடுக்கிற கையுறைக்கு ஐந்து விரல், என் இடது கைக்கு மூன்று. காலியாக ஆடுகிற இரண்டு விரலையும் பிரஸ் மெஷின் எப்போது இழுக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே ருசி கண்ட மெஷின் அது. எங்கள் சூப்பர்வைசர், அவரை நாங்கள் விசில் என்போம், வாயைத் திறந்தாலே அந்தச் சத்தம்தான் வரும், கேட்டார்: "கிளவுஸ் எங்க?" தெரியவில்லை என்றேன். பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார். டின் மூடி அடிக்கிறவன் அட்டைப்பெட்டி ஒட்ட ஆரம்பித்தேன். சாயங்காலம் பையனிடம் கேட்டால், சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறான், கல்லூரியில் கண்காட்சியாம், ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுபோய் அதைப் பற்றி ஓர் அட்டை எழுதிவைக்க வேண்டுமாம், அவன் என் கையுறையைக் கொண்டுபோய்விட்டானாம். மறுநாள் விசிலிடம் உண்மையைச் சொன்னேன். "உன் கிளவுஸு காலேஜுக்குப் போவுது, நீ இங்க நிக்கிற. ரெண்டுல எதுக்குய்யா அறிவு அதிகம்?" என்றார். பேக்கிங் செக்ஷனே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். நீளமான ஒரு ஹால். மேசைகளின்மேல் வெள்ளைத்துணி விரித்து, பக்கத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள். யாரோ வீட்டுப் பழைய கேமரா, வெள்ளிக்கூண்டு வைத்த கடிகாரம், யாரோ தாத்தாவின் பல்செட்டு. பல்செட்டுக்குத் தனி விளக்கு. கடைசி மேசையில், ஓட்டை பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்தில் என் கையுறை. அதன் எதிரே நின்றிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, "இதுல எவ்ளோ வலி தெரியுது பாருடி" என்றாள். நான் அவசரமாக, "வலியெல்லாம் இல்லம்மா, கிட்டப் போனா கொஞ்சம் நாத்தம்தான் தெரியும்" என்றேன். இரண்டு பேரும் நகர்ந்துவிட்டார்கள். நான் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டினேன். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"தொடாதீங்க பெரியவரே!"

"என்னோடதுய்யா இது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

பேசிப் பயனில்லை என்று கையை உள்ளே விட்டுக் காட்டினேன். மூன்று விரல் மூன்றில் போனது, மீதி இரண்டு இடத்திலும் தையல் பொருந்தி உட்கார்ந்தது. அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "சரி, உங்களதுதான். ஆனா மேடம் கையெழுத்து வேணும்" என்றார். என் கை சாட்சி சொன்னாலும் இன்னொருத்தர் கையெழுத்துப் போட வேண்டும் மச்சான், இந்த நாட்டில்.

மேடம் வருவதற்குள் அட்டையைப் படித்தேன். உங்கள் மருமகன் கையெழுத்து, முத்து முத்தாக.

'பொருள்: கையுறை, இடது. மூலப்பொருள்: தோல், நைலான் நூல். வயது: சுமார் பதினான்கு ஆண்டுகள். செய்தவர்: தெரியவில்லை. நிலை: மிகவும் சேதமடைந்தது. குறிப்பு: இதன் உரிமையாளர் இதைப் பற்றிப் பேசுவதில்லை.'

என் கையைப் பற்றி இதுவரை இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். முதலில் கம்பெனி எழுதியது, 'காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு' என்று. மெஷினில் தடுப்புக் கம்பி இல்லாததை எழுதவில்லை. அதில் நான் கையெழுத்தும் போட்டேன், வலது கை நன்றாகத்தானே இருந்தது. இரண்டாவதாக எழுதியது நான் பெற்ற பிள்ளை. கையுறையின் உள்ளங்கைத் தோலை நான் மூன்று தடவை மாற்றியிருக்கிறேன், மணிக்கட்டுப் பட்டையை இரண்டு தடவை. அந்த இரண்டு விரல் தையலை மட்டும் தொட்டதில்லை. அதைத் தைத்த நாலாவது மாசம் உங்கள் தங்கை கண்ணை மூடிவிட்டாள். பையனுக்கு அப்போது நாலு வயசு. அவனுக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் 'தெரியவில்லை' என்று முத்து முத்தாக எழுதியிருந்தானே, அது என்னவோ செய்தது.

மேடம் வந்தார். சின்ன வயசு. "ஐயா, நீங்கதானா அது!" என்று கைகூப்பினார். கண்காட்சியில் ஒரு பொருள் குறைந்திருந்து, அது தானாக நடந்து வந்துவிட்ட மாதிரி. பையனும் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தான், கூட நாலைந்து சிநேகிதர்கள். பொருள் சனிக்கிழமை வரை மேசையில் இருந்தால்தான் மார்க்காம், எடுத்துவிட்டால் பூஜ்யமாம். பையன் சொன்னான், "என் அப்பாதான் மேடம். குடுத்துடுங்க. எனக்கு மார்க் வேணாம்." நான் கையுறையைக் கழற்றினேன், இருந்த இடத்திலேயே வைத்தேன், வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், முட்டாள்தனம். இன்னும் மூன்று நாள் பெட்டி ஒட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சத்தம் போட்டேன். "ஊர் சிரிக்க என் கைதான் கெடச்சுதா?"

"எல்லாரும் கேமரா, கடிகாரம்னு கொண்டாந்தாங்கப்பா. நம்ம வீட்ல காட்ட வேற என்ன இருக்கு?"

நான் அவன் தட்டில் சோற்றைப் போட்டேன். "யார்ப்பா செஞ்சது அது?" என்று அவன் கேட்டான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தெருமுனை வரை நடந்து திரும்பி வந்து பார்த்தால், அதே இடத்தில், தட்டைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறான். என்ன திமிர் பாருங்கள்! ஆகவே மச்சான், ஒன்றாம் தேதிக்குள் வந்து உங்கள் மருமகனைக் கூட்டிப்போய் உங்கள் பை, பெட்டி ரிப்பேர் கடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிப் மாற்றவாவது கற்றுக்கொள்ளட்டும். தகப்பனுக்கு அட்டை எழுதுகிற படிப்பு எங்களுக்கு வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் கையும் காலும் முழுசாக நீண்ட நாள் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். உறையில் எழுத உங்கள் புதுக்கடை விலாசம் வேண்டும் என்று பையன் நோட்டைப் புரட்டினேன். அட்டைக்கு முன்னால் எழுதிப்பார்த்த பக்கம் இருந்தது. 'செய்தவர்: தெரியவில்லை' என்பதற்குப் பக்கத்தில் மேடம் சிவப்பு மையில், 'யாரிடம் கேட்டாய்?' என்று கேட்டிருக்கிறார். கீழே இவன், 'அப்பாவிடம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்' என்று எழுதியிருக்கிறான். அதற்கும் கீழே மறுபடி சிவப்பு மை: 'அவர் திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திரு.'

பையனிடம் சொல்லிவிட்டேன் மச்சான், உன் அம்மாதான் தைத்தாள் என்று. "எப்படிப்பா தச்சாங்க? தோல்ல ஊசி எப்படி எறங்குச்சு?" என்றான். எனக்குத் தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், வீட்டுக்கு வந்தபோது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது, எப்படி என்று நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உங்கள் கடைக்கு வந்தாளா? ஊசி நீங்கள் கொடுத்ததா? தைக்கும்போது ஏதாவது சொன்னாளா? நாளைக்குப் போய் அட்டையில் அந்த ஒரு வரியை அழித்துக் காலியாக விடப்போகிறானாம். சனிக்கிழமைக்குள் வாருங்கள். கூட்டிப்போக அல்ல, எங்கள் இரண்டு பேருக்கும் சொல்ல.