எடையைத் தொட வேண்டாம், மாப்பிள்ளை

இயேசு மரி சூசை துணை

ரெட்டியார்பாளையம்,
11-9-1979

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

மாமனார் கிறிஸ்துதாஸ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் சுகம். நீங்களும் செல்வியும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொண்ட மாமனார் எங்கள் வம்சத்தில் கிடையாது. கோபம் வந்தால் கொல்லைப்பக்கம் போய் வாழைமரத்தைத் திட்டிவிட்டு வருவார்கள். மூன்று வாரமாக நான் திட்டியதில் மரம் குலை தள்ளாமல் நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முப்பதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து என்பது உங்களுக்கே தெரியும். எனக்கு நாற்பத்தெட்டு வயசு. என்னிடம் சோதனைக் குழாயை உடைத்த பயல்களெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கிப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்துகிறார்கள். நாலாம் அத்தியாயத்துக்கு ஒரே ஒரு எண்தான் பாக்கி, ஹைட்ரஜன் குளோரைடு எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்று. ஏறக்குறைய மூவாயிரம் வர வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும் மெட்ராஸ் கணிப்பொறி மையத்துக்கு, கணக்குக்கு வேண்டிய எண்களைத் துளை போட்ட அட்டைகளைச் செருப்புப் பெட்டியில் அடுக்கி, எங்கள் லேப் அட்டெண்டர் பக்கிரி கையில் பஸ் ஏற்றி அனுப்பினேன். நம்ம மாப்பிள்ளை அங்கே இருக்கார், இனி என்ன கவலை என்று காலேஜ் முழுக்கத் தம்பட்டம் வேறு அடித்தேன்.

வந்த விடை ஒரு லட்சத்து முப்பத்துநாலாயிரம். பௌதிகத் துறை கிருஷ்ணசாமி தாளை எட்டிப் பார்த்து, பிரெஞ்சுக்காரர் மரியாதையோடு, "என்ன முசியே, உங்க குளோரினுக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்றார். தப்பு என்னுடையதுதான். உங்கள் மையத்தில் இருக்கும் புரோகிராமுக்கு எலெக்ட்ரானின் எடைதான் ஒன்று. எதுவானாலும் எத்தனை எலெக்ட்ரான் எடை என்றுதான் கொடுக்க வேண்டும். நானோ இருபது வருஷம் வகுப்பில் கத்திய பழக்கத்தில் ஹைட்ரஜன் ஒன்று, குளோரின் முப்பத்தைந்து என்று பாடப்புத்தக எடையைப் போட்டுத் தொலைத்தேன். நம்ம ஒன்று அதற்கு ஆயிரத்து எண்ணூற்று இருபத்துமூன்று. அணு இளைத்துப்போனால் ஆட்டம் கூடத்தானே செய்யும்? சத்தம் போடாமல் எடைகளை 1823-ஆல் பெருக்கி மறுபடி அனுப்பினேன்.

இந்தத் தடவை எழுபத்துநாலு. பேய் இறங்கி ஆள் படுத்தேவிட்டான். மெஷின்ல ஏதோ கோளாறு என்று மாப்பிள்ளை சொல்லச் சொன்னதாகப் பக்கிரி சொன்னான். நான் மெஷினையும் நம்பாமல், என்னையும் நம்பாமல், பெருக்கியதை எடுத்துவிட்டுப் பழைய எடையோடு அனுப்பினேன். திரும்பவும் ஒரு லட்சத்து முப்பத்துநாலாயிரம். கிருஷ்ணசாமி இப்போது கேட்பதுகூட இல்லை, என்னைப் பார்த்ததும் தலையில் வேப்பிலை அடிப்பதுபோல் கையை ஆட்டுகிறார்.

விடையை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைக் கடாசுகிறவன் நான். நேற்றுத்தான் மூன்று தடவை வந்ததையும், புரோகிராம் அச்சாகியிருக்கும் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இரண்டாம் தடவை வந்த தாளில், முதல் தடவை இல்லாத ஒரு வரி புரோகிராமுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எடையை 1823-ஆல் பெருக்கச் சொல்லும் வரி. மூன்றாம் தடவை வந்த தாளில் அதைக் காணோம். அதாவது, மாமா தப்பு செய்துவிட்டார் என்று சொல்லக் கூசி, நீங்களே ரகசியமாகத் திருத்தியிருக்கிறீர்கள். அதே வாரம் நானும் திருத்தினேன். நீங்கள் எடுத்த வாரம் நானும் எடுத்தேன். உங்கள் மாமியாரிடம் சொன்னால் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "கல்யாணம் ஆன புதுசுல நானும் உங்கம்மாவும் மீன்கொழம்புக்கு உப்பு போட்ட கததான். மொத நாளு ரெண்டு பேரும் போட்டோம், மறுநாளு ரெண்டு பேரும் போடல. நடுவுல சாப்புட்டவரு நீங்க" என்கிறாள்.

ஆகவே, மாப்பிள்ளை, கையெடுத்துக் கும்பிடுகிறேன். இந்த முறை அட்டையில் நான் பெருக்கிவிட்டேன். நீங்கள் தொட வேண்டாம். மரியாதை என்று நினைத்துக்கூடத் தொட வேண்டாம்.

மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். மெஷினையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
கிறிஸ்துதாஸ்

பின்குறிப்பு: பெட்டியோடு இதையும் பக்கிரியிடம் கொடுக்கப் போகும்போது, செல்வி தன் அம்மாவுக்கு எழுதிய இன்லண்டு லெட்டர் வந்தது. "இந்தத் தடவ அவரு அந்த வரிய மறுபடி போட்டுட்டாரும்மா. அப்பா எடைல கைய வெச்சிடாம பாத்துக்க. நான் சொன்னேன்னு சொல்லாத, அப்பா மனசு சங்கடப்படும்னு அவரு பயப்படறாரு" என்று எழுதியிருக்கிறாள். எனவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. ஆனால் ரத்து என்று நான் எழுதினால், மாமா பேச்சைத் தட்டக்கூடாது என்று நீங்கள் அந்த வரியை எடுப்பீர்களா, வைப்பீர்களா? யோசித்ததில் எனக்குத் தலை சுற்றுகிறது. பக்கிரியை அனுப்பவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி பஸ்ஸில் நானே வருகிறேன், கடிதமும் என் சட்டைப்பையில்தான் வருகிறது. வாசலில் என்னைக் கண்டதும் "வாங்க மாமா" என்று ஆரம்பிக்க வேண்டாம். முதல் வார்த்தையாக "தப்பு மாமா" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் அதைச் சொல்லாதவரை நான் டாக்டர் ஆக முடியாது.